துப்பிட்டுப் பேசும்மா

1

போன வியாழக்கிழமை எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். நாற்பதைத் தொடப் போகிறவளுக்கு ஒரு பல் போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்காகப் போட்ட ஊசி தாடையோடு நிற்காமல் நாக்கின் இடது பாதியையும் சேர்த்துத் தூங்க வைத்துவிட்டது. பல் இருந்த இடத்தில் ஒரு பஞ்சுச் சுருளை வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னார் பல் மருத்துவர். சூடாக எதுவும் குடிக்காதே, நாக்கைக் கடித்துக்கொள்ளாதே, சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்றார். பேசாதே என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்த கையோடு மருத்துவக் காப்புறுதிக்காரருக்குப் போன் செய்தேன். சுவிஸில் பல்லுக்கும் உடம்புக்கும் உறவு கிடையாது. உடம்புக்கு ஒரு காப்புறுதி, பல்லுக்கு வேறு. அந்த வேறில் நான் இருக்கிறேனா இல்லையா என்று கேட்கத்தான் எடுத்தேன். முன்பெல்லாம் ஒரு பெண் பேசுவாள். இப்போது இயந்திரம் பேசுகிறது. பிறந்த திகதியைச் சொல்லுங்கள் என்றது. சொன்னேன். மன்னிக்கவும், விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது. மறுபடி சொன்னேன். நான் பிறந்ததையே அது நம்பவில்லை. கடைசியில் ஆம் என்றோ இல்லை என்றோ மட்டும் சொல்லுங்கள் என்று இறங்கி வந்தது. அதுவும் என் வாயில் உருப்படியாக வரவில்லை.

மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நிலா எழுந்து வந்து போனை வாங்கினாள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

"அம்மா, நீங்கள் கதைக்கிறது மெஷினுக்கும் விளங்கேல்லை, எனக்கும் விளங்கேல்லை. விடுங்கோ, நான் கேக்கிறன்."

நான் இலங்கையில் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். என் மகள் பேசுவதோ அவள் அப்பாவின் யாழ்ப்பாணத் தமிழ். அவர் ஹட்டனில் வளர்ந்தவர்தான். ஆனால் அங்கே படிப்பிக்க வந்த யாழ்ப்பாண வாத்தியார் வீட்டுப் பிள்ளை. மலையில் இருபது வருஷம் இருந்தும் அவர் நாக்கு மலையேறவில்லை. பிள்ளை ஜெர்மனுக்குப் போய்விடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். பாதி ஜெர்மனுக்குப் போனாள், மீதி யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. எனக்கு என்று அவள் வாயில் மிஞ்சியது "அம்மா" ஒன்றுதான்.

அவள் போனில் பேசி முடிக்கும்வரை நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். வலிக்கவில்லையா என்று கேட்டாள். வலிக்கவில்லை. வாயின் ஒரு பக்கம் நிறைந்திருக்க, அரை நாக்கோடு பேசுகிற அந்தப் பேச்சை எனக்கு நன்றாகத் தெரியும். நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது அது.

2

எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லோரும் வெற்றிலை போடுவார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலையேறினால் பகல் தேத்தண்ணிக்குத்தான் இறங்குவார்கள். அதுவரை குளிருக்கும் பசிக்கும் மழைக்கும் அவர்களுக்குத் துணை வெற்றிலைதான். அந்தச் சுண்ணாம்பே அட்டை கடித்த காலுக்கும் மருந்து. என் அம்மா செல்லம்மா மடியில் ஒரு சுருக்குப் பை வைத்திருப்பார். பையில் காசு இருந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் தீர்ந்து பார்த்ததில்லை.

வெற்றிலை வாயோடு பேசுவது தனி வித்தை. உருண்டையை ஒரு கன்னத்தில் ஒதுக்க வேண்டும். சாறு வழியாமலிருக்க மோவாயைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ள வேண்டும். நாக்கு கீழே படுத்துச் சாற்றுக்கு அணை கட்டிக்கொண்டிருக்கும். அது எழுந்து பல்லைத் தொடப் போனாலோ மேலண்ணத்தைத் தடவப் போனாலோ சாறு சேலையில் இறங்கிவிடும். அதனால் நாக்கு செய்ய வேண்டிய வேலையெல்லாம் அரைகுறையாகத்தான் நடக்கும். த, ந, ல, ர, ச எல்லாம் கரைந்து போகும். உதட்டுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ப, ம, வ ஒழுங்காக வரும். அடித்தொண்டைப் பக்கம் பிறக்கிற க, ங வரும். அ, ஆ, உ, ஊ எல்லாம் தாராளமாக வரும். மிச்சத்தை இழுவையும் ஏற்ற இறக்கமும் சொல்லிவிடும்.

அந்த நாளில் இதையெல்லாம் நான் இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. பிற்பாடு பிரித்துப் பார்க்க வேண்டி வந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவும் பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கிற பாக்கியம் அக்காவும் காலையிலிருந்து மாலை வரை அப்படிப் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஓர் எழுத்து விடாமல் விளங்கும் என்பதுதான். தோட்டத்துத் தொரை மலைக்கு வருகிறார் என்றால் மட்டும் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பித் தேயிலைச் செடியின் தூரில் துப்புவார்கள். துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க தொர," "இல்லைங்க தொர" என்று சுத்தமாகப் பேசுவார்கள். அவர் அடுத்த மலைக்குப் போனதும் சுருக்குப் பைகள் மறுபடி திறக்கும். சுத்தமான பேச்சு மேலே இருப்பவர்களுக்கு, கரைந்த பேச்சு நமக்கு என்றுதான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் சரஸ்வதி. வீட்டில் சரசு. பள்ளிக்கூடம் விட்டு நான் எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறுகிற பாதை, அம்மா கொழுந்தெடுக்கிற மலைக்குக் கீழே போகும். மேலிருந்து அம்மா கூப்பிடுவார். வெற்றிலை வாயில் ச-வும் நிற்காது, ர-வும் நிற்காது. "அஅஉ" என்று ஒரு சத்தம் பள்ளத்தில் இறங்கி வரும். நடுவில் ஒரு இறக்கம், கடைசியில் ஒரு தூக்கல். பாதையில் இருபது பிள்ளைகள் போனாலும் நான்தான் திரும்புவேன். மற்றப் பிள்ளைகளுக்கு அவரவர் அம்மாவின் சத்தம்.

வீட்டுக்கு வந்தும் அந்த வாயோடுதான் சாப்பிட்டியா என்று கேட்பார், "ஆப்பிக்கியா?" என்று. "துப்பிட்டுப் பேசும்மா" என்பேன். நான் அம்மாவிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

3

கல்யாணமாகி நான் பேர்ன் நகரத்துக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். நிலா தவழ ஆரம்பித்த பிறகு, வெளிநாட்டுப் பெண்களுக்கான ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். படிப்பித்தவர் பெயர் மோனிகா. ஓய்வுபெறும் வயது, ஆனால் ஓய்வென்றால் என்னவென்று தெரியாத ஆள். வகுப்புச் சுவரில் அவர் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார். நடுவால் வெட்டிய ஒரு மனிதத் தலை. மூக்கு, உதடு, பல், மேலண்ணம், உள்நாக்கு, குரல்வளை எல்லாம் தனித்தனி நிறம். நாக்கு மட்டும் நல்ல சிவப்பு. முதல் நாள் அதைப் பார்த்ததும் வழி தப்பி ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

மோனிகா எங்களைப் பேச வைப்பதற்கு முன்னால் தொட வைத்தார். தொண்டையில் கையை வைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்பார். அதிர்ந்தால் ஒரு எழுத்து, அதிராவிட்டால் இன்னொரு எழுத்து. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். இதை வாசிக்கிறவர்கள் தொண்டையில் கை வைத்துப் "பல்" என்று சொல்லிப் பாருங்கள், பிறகு "பஸ்" என்று சொல்லிப் பாருங்கள். எழுதுவது ஒரே ப. ஆனால் இரண்டாவதில் வாய் திறக்கும் முன்பே தொண்டை முனகத் தொடங்கிவிடும். நாற்பது வருஷமாக ஹட்டன் பஸ்ஸில் போய் வருகிறவருக்கும் இது தெரியாது. ஆனால் அவர் தொண்டைக்குத் தெரியும்.

உதட்டுக்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடிக்கச் சொல்வார். ஜெர்மன் ப-வுக்கு அது படபடத்துப் பறக்க வேண்டும். என் கடதாசி அசையவே அசையாது. துருக்கிக்காரி ஃபாத்மா பக்கத்திலிருந்து ஊதி உதவி செய்வாள். பிறகு தொண்டை எழுத்து. காலையில் பல் விளக்கும்போது காறுகிறோமே, அந்த இடத்தில் பிறக்கிற ஒரு காற்று. அதை மரியாதையாக, எச்சில் இல்லாமல் செய்ய வேண்டும். வகுப்பில் அதை அளவாகச் சொல்லித் தந்தார். வெளியே வந்து பஸ்ஸில் ஏறினால் ஊர் முழுக்கக் காறிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் எங்கள் ஒவ்வொருவர் மொழியிலும் ஒரு சத்தத்தை எடுத்து, அது வாயில் எங்கே பிறக்கிறது என்று படத்தில் காட்டச் சொன்னார். நான் "ழ"வைக் காட்டினேன். நாக்கு நுனியை மேலே வளைத்து, எதையும் தொடாமல் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். பன்னிரண்டு பெண்கள் நாக்கை வளைத்துக்கொண்டு தவித்ததைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். வந்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் போன் எடுத்தது.

4

என் அண்ணன் சிவலிங்கம் தலவாக்கலையில் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்தது. அம்மாவும் அண்ணன் குடும்பத்தோடுதான் லயத்தில் இருந்தார். லயத்தில் போன் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அம்மா பஸ் ஏறித் தலவாக்கலைக்கு வந்து, ஒரு கொமினிகேஷனில் காத்திருப்பார். காசு கொடுத்துப் போன் பேசுகிற கடைகளுக்கு அப்போது அந்தப் பெயர்தான். நான் இங்கிருந்து அந்தக் கடைக்கு எடுப்பேன். பேசப் போகிறோம் என்று அன்றைக்கு மட்டும் அம்மா வாயைக் கொப்பளித்துவிட்டு வருவார். கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ப் பேசுவது அவருக்குத் தொரையிடம் பேசுவது மாதிரி.

அண்ணனாக எனக்குப் போன் எடுத்ததே இல்லை.

"அம்மாவுக்கு நாக்குல ஒரு புண்ணு இருந்துச்சு. ஆறவே இல்ல. கண்டிக்குக் கூட்டிட்டுப் போனோம். வெட்டி எடுக்கணும்னு சொல்லிட்டாங்க."

"எதை?"

"நாக்கைத்தான். முழுசும் இல்ல. ஒரு பக்கம்."

என்ன நோய் என்று அண்ணன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்ததுதான். கண்டியில் டாக்டர் அம்மாவிடம் சிங்களத்தில் நேராகவே சொல்லியிருக்கிறார், இனிமேல் வெற்றிலையைத் தொடக்கூடாது, "ஆயே புலத் கண்ட எப்பா" என்று. அம்மாவும் தலையாட்டிவிட்டுச் சுருக்குப் பையை அங்கேயே நர்ஸ் கையில் கொடுத்துவிட்டாராம்.

நான் போக வேண்டும் என்று துடித்தேன். என் கணவர் அகதியாக வந்தவர், நான் அவர் அனுமதியில் வந்தவள். இலங்கைக்குப் போனால் திரும்பி வரலாமா என்று கேட்கக் குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த அதிகாரி காரணம் கேட்டார். படத்தில் சிவப்பாகத் தினமும் பார்த்த சாமான், ஆனால் அந்த நேரத்தில் நாக்குக்கு ஜெர்மனில் என்ன பெயர் என்று எனக்கு வரவில்லை. அவரைப் பார்த்து நாக்கை வெளியே நீட்டி, இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக்கிக் காட்டினேன். அவர் நாற்காலியோடு பின்னால் போனார். விளங்கிய பிறகு பாவம், மெதுவாகத்தான் சொன்னார். போகலாம், ஆனால் திரும்பி வரும்போது பழைய அனுமதி செல்லுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். இடுப்பில் பிள்ளையோடு நான் வீட்டுக்கு நடந்தேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. நோய் வேறு எங்கும் பரவவில்லை என்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் கொமினிகேஷனுக்கு அண்ணன் மட்டும்தான் வந்தது.

"அம்மா நல்லா இருக்காங்க. கஞ்சி குடிக்கிறாங்க. இப்ப ரொட்டியே ஊறவச்சுச் சாப்பிடுறாங்க."

"பேசுறாங்களா?"

"அது வந்து... கையக் காட்டுறாங்க. தலையாட்டுறாங்க. பேச வேணாம்னு இருக்காங்க போல. நாங்களும் வற்புறுத்தல."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது அப்போதுதான். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது அந்தப் போன் ஒன்றுதான். லயத்தில் இருப்பவர்களுக்கு அம்மா கையைக் காட்டலாம், முகத்தைப் பார்த்து அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். எனக்குச் சத்தம் மட்டும்தான் வரும். அந்தச் சத்தமும் நின்றுவிட்டால், அல்லது வந்தும் எனக்கு விளங்காமல் போனால், அம்மா இருந்தும் எனக்கு இல்லாத மாதிரிதான்.

வகுப்பில் மோனிகா என்ன சொன்னாலும் என் கண் அந்தச் சிவப்பு நாக்கிலேயே நின்றது. மனதுக்குள் அதை ஒரு பக்கம் வெட்டிப் பார்ப்பேன். பிறகு அம்மாவின் வார்த்தைகளை ஒவ்வொன்றாக அதில் வைத்துப் பார்ப்பேன். "அம்மா" தப்பிக்கும், அது உதட்டு வேலை. "மாமா" தப்பிக்கும். "கொழுந்து" பாதி போகும். "தண்ணி" முழுக்கப் போகும். "சரசு" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். ச-வுக்கு நாக்கு வேண்டும், ர-வுக்கு நாக்கு வேண்டும், மறுபடி ச-வுக்கு நாக்கு வேண்டும். உதட்டுக்கு அதில் பெரிதாக வேலை ஒன்றுமே இல்லை. எத்தனையோ பெயர் இருக்க எனக்கு ஏன் இந்தப் பெயரை வைத்தார்கள் என்று ஆத்திரம் வந்தது.

மோனிகாவிடம் ஒருநாள் சொன்னேன். அவர் சமாதானத்துக்காக எதையும் புளுகவில்லை. மிச்சமிருக்கிற நாக்கு வேலை பழகும், ஆனால் பேசப் பேசத்தான் பழகும், பேசாமல் இருந்தால் பழகாது என்றார். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

5

அப்படி இரண்டு மூன்று மாதம் போனது. ஒரு ஞாயிறு கொமினிகேஷனுக்கு எடுத்தேன். அண்ணன், "இரு, ஒரு ஆளு பேசணுமாம்," என்று சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்தது. பிறகு,

"அஅஉ... ஆப்பிக்கியா?"

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அழுதிருப்பேன். எனக்கு வந்தது கோபம்தான், அதுவும் உச்சந்தலைக்கு ஏறிய கோபம்.

"யம்மா, வாயில என்னா? வெத்தலையா? டாக்டரு அவ்வளவு சொல்லியும் மறுபடி போட ஆரம்பிச்சிட்டியா? ஒனக்கெல்லாம் அறிவே வராதா? மொதல்ல துப்பு. துப்பிட்டுப் பேசும்மா."

பக்கத்து அறையிலிருந்து என் கணவர் ஓடி வந்துவிட்டார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பிறகு போனில் ஒரு சிரிப்புக் கேட்டது, அதோடு இன்னொரு சிரிப்பு. போன் கை மாறியது. பாக்கியம் அக்கா.

"ஏண்டி சரசு, நீயுமா? நேத்துப் பெரட்டுல கங்காணியும் இதையேதான் கேட்டாரு. டாக்டர் வேணாம்னு சொன்ன பொறவும் வெத்தலை போட்டுக்கிட்டு வந்து நிக்கிறியான்னு சத்தம் போட்டாரு. ஒங்கம்மா அவரு மூஞ்சிக்கு நேரா ஆ-ன்னு வாயத் தொறந்து காட்டிட்டா. மனுசன் பேசாம பேரைப் போட்டுட்டுப் போயிட்டாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அம்மா வாயில் வெற்றிலையே இல்லை.

நடந்தது இதுதான். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அம்மா ஒருநாள் பகல் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார். பேச அல்ல, சும்மா நிற்கத்தான். பாக்கியம் அக்காவின் கழுத்தில் ஒரு அட்டை ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பார்த்த பதற்றத்தில் அம்மா தன்னை மறந்து கத்திவிட்டார், கழுத்துல அட்டைடி என்று. பாக்கியம் அக்கா அதைத் தட்டிவிட்டு, "நல்ல வேளை பாத்த," என்று சொல்லிக் கொழுந்தெடுப்பதைத் தொடர்ந்தார். அந்த வரிசையில் யாரும் கையை நிறுத்தவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலைந்து செடி தாண்டிய பிறகுதான் அம்மா பேசியது பாக்கியம் அக்காவுக்கே உறைத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அம்மா மறுபடி பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்.

"எனக்கு வித்தியாசமே தெரியலடி," என்றார் போனில். "எப்பவும் பேசுற மாதிரித்தான் பேசுனா. அவளும் நாங்களும் இவ்வளவு காலமா வேற எப்படிப் பேசுனோம்?"

போன் அம்மாவிடம் திரும்பியது. அம்மா பேசியதை இங்கே தெளிந்த எழுத்தில் தருகிறேன், என் காதில் விழுந்தது அப்படியல்ல என்பதை நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள்.

"வீட்டுல எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்கடி. நான் வாயத் தொறந்தா என்னா வரப் போகுதோன்னு பயந்துக்கிட்டு. அதுலயே எனக்குப் பேச்சு வரல. மலையில யாரு வாயைப் பாக்குறா? கையில வேல, கண்ணுல கொழுந்து. காது மட்டுந்தான சும்மா இருக்கு."

"ஏம்மா, போனுக்காவது வந்திருக்கலாம்ல?"

"ஒனக்கு வெளங்காட்டி? அவ்வளவு காசு போட்டு எடுக்கிற. ஒனக்கு வெளங்காம நீ அழுதா நான் என்னா பண்றது?"

அம்மாவும் அதற்குத்தான் பயந்திருக்கிறார். நான் பயந்த அதே விஷயத்துக்கு, அந்தப் பக்கமிருந்து.

"எனக்கு வெளங்காம?" என்றேன். "நான் ஒன்னையத் திட்டுனதுலயே தெரியலையா?"

அதற்கு அம்மா சிரித்த சிரிப்பு பழைய சிரிப்புதான். சிரிப்பதற்கு நாக்கு அதிகம் வேண்டியதில்லை. அண்ணன் மகனுக்கு அம்மை போட்டது, பக்கத்து வீட்டுக் காம்பராவில் கூரைத் தகடு பறந்தது, மூன்றாம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டியது எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். என் கணவர் காதைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மாமி என்ன சொல்லுறா? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீர் எப்பிடி விளங்கிக்கொள்ளுறீர்?"

நான் அவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்பில் இருந்த கறியை இறக்கப் போனார். அன்று மத்தியானம் நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த வகுப்பில் இதை மோனிகாவிடம் சொன்னபோது அவர் கைதட்டினார். பிறகு பையிலிருந்து பாணை எடுத்துப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார். ஒவ்வொருவரும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டும். ஃபாத்மா என்னிடம் எதையோ கேட்டாள். ஜெர்மனில் அவள் பேசி எனக்கு முதல் தடவையிலேயே விளங்கியது அன்றைக்குத்தான்.

6

இதெல்லாம் நடந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அம்மா இருக்கிறார். வருஷா வருஷம் கண்டிக்குப் போய் வாயைக் காட்டிவிட்டு வருகிறார். எங்களுக்கும் கடைசியில் நல்ல அனுமதி கிடைத்து, இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டோம். அம்மாவுக்கு நடந்ததைப் பார்த்துப் பாக்கியம் அக்கா வெற்றிலையை விட்டுவிட்டார். சுத்தமாக விட்ட பிறகுதான் அவர் குரல் எவ்வளவு கீச்சென்றிருக்கும் என்று ஊருக்கே தெரிந்ததாம். அதற்கு வெற்றிலையே தேவலாம் என்று அவர் வீட்டுக்காரர் சொன்னதாக அம்மா சொன்னார். வேறு பலர் விடவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

இப்போது அண்ணன் வீட்டில் செல்போன் இருக்கிறது. வியாழன் எனக்கு வேலை இல்லாத நாள். இங்கே மதியம் தாண்டினால் அங்கே அம்மா விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். நிலாவையும் பேசச் சொல்வேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஓம் அம்மம்மா, ஓம் அம்மம்மா," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் சீக்கிரம் அலுத்துவிடும். சில வாரங்களாக அவளைக் கூப்பிடுவதையே விட்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை காப்புறுதி இயந்திரத்தோடு தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன். பாதி நாக்கு இன்னும் மரத்துத்தான் கிடந்தது. நாளைக்கு எடுக்கலாமா என்று நினைத்தேன். அம்மா காத்துக்கொண்டிருப்பாரே என்று எடுத்தேன். நிலா மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். வீங்கிய கன்னத்தில் போனை வைக்க முடியாததால் சத்தமாகக் கேட்கும்படி மேசையிலேயே வைத்தேன்.

"ம்மா, ஆப்பிக்கியா?" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பிறகு வந்தது பாருங்கள்.

"என்னாடி பேச்சு இது? வாயில என்னா வச்சிருக்க? வெத்தலையா? என் கதியப் பாத்துமா ஒனக்குப் புத்தி வரல? அந்த ஊர்ல அதெல்லாம் வேற கெடைக்குதா? துப்பு. மொதல்ல துப்பிட்டுப் பேசு."

அரை நாக்கு அரை நாக்கைத் திட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை, சிரிக்கவும் வாய் ஒத்துழைக்கவில்லை. மோவாயெல்லாம் எச்சில் வழிந்தது. பல்லைப் பிடுங்கினார்கள் என்று எப்படியாவது சொல்ல வேண்டும் என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, நிலா பேனாவைக் கீழே வைத்தாள். குசினிக்குள் போய் ஒரு கிண்ணத்தை எடுத்துவந்து என் மோவாய்க்குக் கீழே நீட்டினாள்.

"அம்மம்மா துப்பச் சொல்லுறா," என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் சொல்லிக் கொடுக்கிற நிலையிலும் இல்லை.

"கேட்டது தானே," என்றாள் அவள். "துப்புங்கோவன். அம்மம்மா ஏசப் போறா."

பல் மருத்துவர் வைத்துவிட்ட பஞ்சு இன்னும் கன்னத்தில்தான் இருந்தது. அதைக் கிண்ணத்தில் துப்பிவிட்டு அம்மாவிடம் பேசினேன்.